இறைச்சி தின்ற கந்தோர்க் கோழிகள்

இளம் சுகாதாரப் பரிசோதகர்கள் சிலர் அண்மையில் கொழும்பில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தார்கள். மாட்டைச் சீக்கிரம் கொழுக்க வைப்பதற்கு வெளிநாடுகளில் ஹோர்மோன் மருந்து கொடுப்பார்கள். அதன் மிச்சம் இறைச்சியில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் இயந்திரம் ஒன்றை அங்கே காட்டினார்களாம். ஒரு குளத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு மருந்து விழுந்திருந்தாலும் அது பிடித்துவிடுமாம். இயந்திரத்தின் புகழைப் பாடி முடித்தபின், ஓய்வுபெற்ற மனிதன் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறானே என்று என்மேல் இரங்கி, "உங்கடை காலத்திலை உதை எப்பிடி ஐயா பாத்தனீங்கள்?" என்று ஒருவர் கேட்டார்.

"கோழி வளத்துப் பாத்தனாங்கள்" என்றேன்.

மரியாதையாகச் சிரித்தார்கள். நான் பகிடி விட்டதாக நினைத்திருக்க வேண்டும். பகிடிதான், ஆனால் அதை விட்டது நானல்ல. ஆகவே எழுதிவைக்கிறேன்.

நான் உடுவிலில், முட்டை போட்ட கேக்கை வேலிக்கு வெளியே நின்று தின்றுவிட்டு வரவேண்டிய அளவுக்குச் சைவமான குடும்பத்தில் பிறந்தவன். சுகாதாரப் பரிசோதகர் வேலைக்கு விண்ணப்பித்தபோது அது என்ன வேலை என்று அப்பா கேட்கவில்லை. ஓய்வூதியம் உண்டோ என்று மட்டும் கேட்டார். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காய்ச்சல் பரப்பும் நுளம்பு, மலக்குழி, பால், இறைச்சி என்று பாடங்கள் நடந்தன. மாடு அறுக்கும் மடுவத்துக்கு முதன்முதல் கூட்டிப்போனபோது மயங்கி விழுந்தேன். இரண்டாம் முறை விழவில்லை. சுவரோடு சாய்ந்து நின்றேன். அதற்குப் பிறகு பழகிவிட்டது.

யாழ்ப்பாணத்துக்கு மாற்றலாகி வந்து, ஈரலைத் திருப்பிப் பார்த்து, கழலையைக் கீறிப் பார்த்து, நல்லதென்றால் முத்திரை குத்தினேன். வீட்டுக்கு வந்தால் கிணற்றடியில் தலைமுழுகிய பிறகுதான் அடுப்படிக்குள் அனுமதி. நான் நல்லதென்று சொன்ன இறைச்சியைப் பட்டினமே தின்றது. அது என்ன ருசி என்று எனக்கு மட்டும் தெரியாது. நீந்தத் தெரியாமல் கேணிக்குக் காவல் நின்றவன் நான்.

எங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியை டொக்டர் இராசநாயகம் என்று வைத்துக்கொள்வோம். அவரும் சைவம், என்னிலும் பார்க்க ஒரு படி மேல். நெற்றியில் மூன்று குறி, இஸ்திரிப் பெட்டி போட்ட வெள்ளைச் சட்டை, பெற்றோல் இல்லாத காலத்தில் ஒரு பழைய சைக்கிள், அதன் பின்னால் மழையோ வெயிலோ கட்டியிருக்கும் ஒரு குடை. அந்தக் குடையை அவர் விரித்து நான் கண்டதில்லை. சத்தம் போட்டும் கேட்டதில்லை. அவரிடம் ஒரேயொரு ஆயுதம் இருந்தது. எந்த அறிக்கையைக் கொண்டுபோனாலும் அதைக் கை நீளத்துக்குப் பிடித்து வாசித்துவிட்டு, "உமக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்பார்.

"இறைச்சி பழுது" என்று எழுதினால், எப்பிடித் தெரியும். மணம் ஐயா என்றால், அப்ப மணம் எண்டு எழுதும். கிணற்றில் கிருமி என்று எழுதினால், எப்பிடித் தெரியும். பக்கத்து வீட்டில் மூன்று பேருக்கு வயிற்றோட்டம் என்றால், "அப்ப உமக்குத் தெரிஞ்சது வயித்தோட்டம். கிருமியை நீர் காணேல்லை." அவரிடம் வேலை செய்தவர்கள் வீட்டில் மனைவி "உப்புக் காணாது" என்று சொன்னாலும் அந்தக் கேள்வியைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். நான் சொல்வது என் அனுபவம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தொண்ணூறாம் ஆண்டு சண்டை திரும்பத் தொடங்கி, மின்சாரம் போய், பாதை பூட்டி, கடலில் இறங்கவும் தடை வந்த பிறகு, கடலோரக் குருநகர்ச் சனங்களில் ஒரு பகுதி உடுவில் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வந்து தங்கியிருந்தது. நாள் தவறாமல் மீன் தின்று வளர்ந்த சனம். இப்போது சோறும் பருப்பும், பருப்பும் சோறும். பிள்ளைகளுக்குக் கடைவாய் வெடித்திருந்தது. தலைமயிர் செம்பட்டை பற்றத் தொடங்கியிருந்தது. அதைப் பார்க்கப் பரிசோதகர் தேவையில்லை.

அந்த முகாமின் சமையலுக்குப் பொறுப்பு திரேசம்மா. ஐம்பது வயது இருக்கும். வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாரின் மனைவியாக இருந்து ஆட்களை ஏவிய குரல். வள்ளம் கரையில் கிடந்து வெடித்தாலும் குரல் வெடிக்கவில்லை. அவருடைய மகள் ஜெசிந்தா அங்கேதான் முதற்பிள்ளைக்கு மாதமாக இருந்தாள். வயிறு மட்டும் முன்னால் போக, ஆள் பின்னால் தேய்ந்துகொண்டு வந்தாள். நான் மலக்குழி பார்க்கப் போகும்போதெல்லாம் திரேசம்மா குழியைப் பற்றிக் கேட்கமாட்டார், "தம்பி, உவளுக்கு ஏதும் சத்தா வருமே?" என்றுதான் கேட்பார்.

வந்தது. நிவாரணக் கப்பலில், ரின் தகரத்தில் அடைத்த மாட்டிறைச்சி, பெட்டி பெட்டியாக. எந்த நாட்டு மாடு என்று லேபிளில் இருந்த எழுத்தை எங்களில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. ரின்னைப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. மேல்மூடியையும் அடிமூடியையும் பெருவிரலால் அமத்திப் பார்க்க வேண்டும். ஊதியிருந்தால் உள்ளே பழுது. பொருத்து வழியே விரலை ஓட்டி நெளிவும் துருக் கறளும் பார்க்க வேண்டும். பென்சிலால் தட்டிச் சத்தம் கேட்க வேண்டும். பிறகு மாதிரி எடுத்து, மூன்று பங்காக்கி, துணியில் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு உருக்கி ஊற்றிப் பித்தளை முத்திரை வைக்க வேண்டும்: ஒன்று பொறுப்பாளருக்கு, ஒன்று ஆய்வுகூடத்துக்கு, ஒன்று எங்களுக்கு. அரக்கை ஜாம்போத்தல் விளக்கில் உருக்கினேன். எல்லாம் சரியாக இருந்தது. நாளைக்கு முகாமுக்குக் கொடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

அன்று மாலை ஒரு பழைய பேப்பர் சலூனுக்கு வந்து சேர்ந்தது. பேப்பர் கப்பலில் வந்த காலம். அதில் புதினம் எப்போதும் பழசு, பயம் மட்டும் புதுசு. ஹோர்மோன் கொடுத்து வளர்த்த மாட்டின் இறைச்சி வேண்டாம் என்று ஐரோப்பாவில் தடுக்கிறார்கள் என்று அதில் ஒரு துண்டுச் செய்தி இருந்தது. சலூனில் அது ஒரு மடங்கு வளர்ந்தது; சந்தையில் இன்னொரு மடங்கு. முகாமுக்கு வந்து சேர்ந்தபோது, அந்த இறைச்சியைத் தின்ற ஆண்களுக்கு நெஞ்சு வளரும், மீசை கொட்டும் என்று ஆகியிருந்தது. இறைச்சியைக் கண்ணாலும் காணாத ஆண்கள் கிணற்றடியில் சட்டையைக் கழற்றக் கூச்சப்பட்டார்கள்.

திரேசம்மா மட்டும் அசையவில்லை. "அப்பிடியெண்டா நல்லதுதானே தம்பி. இரவிலை பிள்ளை அழேக்கை அவையளும் எழும்பிக் குடுக்கட்டுமன்."

ஆனால் டொக்டர் சிரிக்கவில்லை. என் கடிதத்தைக் கை நீளத்துக்குப் பிடித்தார்.

"கர்ப்பிணியள் இருக்கினம். உதிலை ஹோர்மோன் இல்லை எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

ஊதிய ரின்னை விரலால் அறியலாம். ஹோர்மோனுக்கு மணமுமில்லை, சத்தமுமில்லை. தெரியாது என்றேன். பெட்டிகளைப் பள்ளிக்கூடத்துக் களஞ்சிய அறையில் பூட்டி, பூட்டின் மேல் என் முத்திரையை வைக்கச் சொன்னார். கொழும்புக்குக் கப்பலில் மாதிரி போனது. அந்தச் சோதனைக்கு அங்கே வசதி இல்லை என்று, மிகவும் மரியாதையாக, பல வாரம் கழித்துப் பதில் வந்தது.

அதற்கிடையில் டொக்டர் தன் மாணவப் பருவத்துத் தடித்த புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்திருந்தார். முன்னொரு காலத்தில் ஆண் ஹோர்மோனைக் கோழிக்குஞ்சின் கொண்டையை வைத்து அளந்தார்களாம். மருந்து உள்ளே போனால் கொண்டை வளரும். பெண் ஹோர்மோனுக்கு எலி வேண்டும். எலியைக் கிழிக்கவும் வேண்டும் என்றார். அந்தப் பக்கத்தை இருவரும் சேர்ந்து வேகமாகத் திருப்பினோம். கோழியே போதும் என்று தீர்மானமாயிற்று.

"பேட்டுக்குஞ்சாப் பாத்து வாங்கும் காணும். சேவலுக்குக் கொண்டை தன்பாட்டிலை வளரும். பேட்டுக்கு வளந்தால்தான் சந்தேகமில்லை," என்றார் டொக்டர்.

சைக்கிளை உழக்கிக்கொண்டு சண்டிலிப்பாய்ப் பக்கம் போய், புகையிலைத் தோட்டக்காரர் ஒருவரிடம் ஆறு விடலைக் குஞ்சுகள் வாங்கினேன். எல்லாம் பேடுதானே என்று கேட்டேன். பிள்ளையார் கோயில் பக்கம் கையைக் காட்டிச் சத்தியம் செய்தார். முட்டைக்குச் சனம் அலைந்த காலத்தில் பேட்டுக்குஞ்சை மனமுவந்து விற்கிற மனிதன் யார் என்று எனக்குத் தோன்றவில்லை. படித்துப் பட்டம் பெற்ற மேலதிகாரிக்கும் தோன்றவில்லை. கோழி எங்கள் இருவருக்கும் வேலிக்கு அப்பால் கேட்கும் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

கந்தோரின், எங்கள் அலுவலகத்தின், பின்னறையில் இரண்டு கூடு அடித்தோம். ஒரு கூட்டுக் குஞ்சுகளுக்குக் காலில் சிவப்பு நூல். அவற்றுக்குக் குறுநெல்லோடு எங்கள் பங்கு மாதிரி ரின்களின் இறைச்சி. மற்றக் கூட்டுக்கு வெள்ளை நூல், வெறும் குறுநெல். ஆட்கள் போய்வந்தால் பரிசோதனை கெட்டுவிடும் என்று டொக்டர் அறையைப் பூட்டித் திறப்பைத் தன் அரைநாண் கயிற்றில் கோர்க்காத குறையாக வைத்திருந்தார். நானும் அவரும் மட்டும் உள்ளே போவோம். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கரண்டியால் இறைச்சி வைப்பேன். அவர் கொண்டைகளை நூலால் அளப்பார். கோழிகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்க்கும். அந்தப் பார்வையில் இருந்தது மரியாதை என்றுதான் அப்போது நினைத்தேன்.

விஷயம் முகாமுக்குப் போய்விட்டது. அடுத்த முறை திரேசம்மா என்னை வாசலிலேயே மறித்தார். வழக்கமான சிரிப்பு இல்லை.

"தம்பி, கேள்விப்பட்டது உண்மையே? கந்தோரிலை கோழியளுக்கு இறைச்சியாம்."

ஓம் என்றேன்.

"எங்கடை பிள்ளையளுக்குப் பருப்பு."

சோதனை என்று சொல்லத் தொடங்கினேன். ஜெசிந்தா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து தாய்க்குப் பின்னால் நின்றாள்.

சில வாரம் போனது. சிவப்பு நூல்கள் பளபளவென்று வளர்ந்தன. வெள்ளை நூல்கள் முகாம் பிள்ளைகளைப் போல இருந்தன. கொண்டை எல்லாவற்றுக்கும் வந்தது. சிவப்புக்குப் பெரிதாக வந்தது. டொக்டர் நூலைச் சுருட்டியபடி, சத்தான தீன் தின்றதால் வளர்ந்ததா, ஹோர்மோனால் வளர்ந்ததா என்று உமக்கு எப்பிடித் தெரியும் என்று கேட்டார். அந்த நேரத்தில் சிவப்பு நூல் ஒன்று கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, கரகரத்த குரலில் கூவியது.

கந்தோர் முழுவதும் கேட்டது. கிளாக்கர்மார் எழுதுவதை நிறுத்தினார்கள்.

"பேடு கூவுது ஐயா" என்றேன்.

என் சேவைக்காலத்தில் முதல் தடவையாக அவரிடம் கேள்வி இருக்கவில்லை. கதிரையில் இருந்தார். நெற்றியைத் துடைத்தார். விபூதியும் கூட அழிந்தது. "எழுதும்" என்றார். மனித உணவுக்கு உதவாது, அழிக்கவும் என்று எழுதினேன். அந்த இறைச்சியை எடுத்து வைத்த என் கைகளை அன்றிரவு பலமுறை கழுவியதையும், கண்ணாடியில் நெஞ்சை ஒருமுறை பக்கவாட்டாகப் பார்த்ததையும் அறிக்கையில் எழுதவில்லை.

அழிப்பதற்கும் ஒரு முறை உண்டு. குழி வெட்டி, ரின்களைக் குத்தித் திறந்து, யாரும் தோண்டி எடுத்துத் தின்னாதபடி மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்க வேண்டும். சட்டம் எழுதியவர் மண்ணெண்ணெய் சில்லறைக் கடையில் கிடைக்கும் நாட்டில் இருந்து எழுதியவர். எங்களிடம் மோட்டார்ச் சைக்கிள் ஓடுவதும் மண்ணெண்ணெயில். விளக்கு எரிவதும் துளித் துளியாய் மண்ணெண்ணெயில். ஒரு போத்தல் வைத்திருந்தவருக்குச் சம்பந்தம் பேசி வந்தார்கள். இறைச்சியை அழிக்க மண்ணெண்ணெய் தரவும் என்று மாவட்ட நிர்வாகக் கச்சேரிக்கு எழுதினோம். எவ்வளவு என்று கேட்டு வந்தது. எழுதினோம். அதற்குப் பதில் புதைத்தால் மட்டும் போதாதா என்று கேட்டு வந்தது. போதாது என்று எழுதினோம். முகாம் வளவில் வெட்டிய குழியில் மழைத்தண்ணீர் நின்றது. திரேசம்மா அந்தக் குழியைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் அள்ளப் போவார். என்னைக் கண்டால் ஒன்றும் சொல்லமாட்டார். அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

கடைசியில் ஒரு காலை கலனில் மண்ணெண்ணெய் வந்து சேர்ந்தது. கையெழுத்து வைத்து வாங்கி மேசையில் வைத்தேன். டொக்டர் அதைப் பார்த்தபடி நின்றார். பின்னறையில் ஒன்று கூவியது. பழகிவிட்டதால் நான் திரும்பவில்லை. உடனே இன்னொன்று கூவியது. மெலிந்த குரல், புதுக் குரல்.

திறப்பை எடுத்துக்கொண்டு இருவரும் ஓடினோம். வெள்ளை நூல் கட்டியது, வாழ்நாளில் ஒரு துண்டு இறைச்சி காணாதது, கூட்டுக்குள் குறுக்குக் கம்பில் ஏறி நின்று மறுபடி கூவியது.

டொக்டர் கிட்டப் போய் அதன் காலிலிருந்த நூலைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் வழக்கம்போலத் தாழ்ந்திருந்தது.

"உது பேடு எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

"வித்தவர் சொன்னவர் ஐயா."

"அவருக்கு எப்பிடித் தெரியும் எண்டு நீர் கேக்கேல்லை."

"நீங்களும் கேக்கேல்லை ஐயா" என்று சொல்லும் துணிவு எனக்கு ஓய்வுபெற்ற பிறகுதான் வந்தது. அன்று தலையைக் குனிந்தேன். அவரோ வெளியே போய்ச் சைக்கிளிலிருந்து குடையை அவிழ்த்து வந்து, அதன் நுனியால் இரண்டு கூட்டின் கதவுகளையும் திறந்துவிட்டார். ஆறு சேவல்களும் கந்தோருக்குள் வரிசையாக நடந்து போயின. ஆறும் சேவல். இறைச்சி தின்றது கொழுத்தது, தின்னாதது மெலிந்தது. எங்கள் பரிசோதனை கண்டுபிடித்தது அவ்வளவுதான். அதை எந்தத் தாயும் முன்பே சொல்லியிருப்பார்.

அன்றே முகாமுக்குப் போனோம். களஞ்சியத் திறப்பு அவர் பையில், சேவல்கள் என் சைக்கிளில் ஒரு பனையோலைக் கடகத்தில். என் அரக்கு முத்திரையை டொக்டர் தன் கையாலேயே உடைத்தார். சனம் கூடியது, ஆனால் கிட்ட வரவில்லை. இவ்வளவு நாள் பூட்டி வைத்து, குழியும் வெட்டின சாமானை இப்போது தின் என்றால் யார்தான் தின்பார்கள்? பயத்தைக் கொடுத்தது சலூன். அதற்கு முத்திரை வைத்தது நான்.

திரேசம்மா முன்னுக்கு வந்தார். மகளின் கையைப் பிடித்திருந்தார்.

"ஐயா, உவள் தின்னலாமோ?"

"ஓம்" என்றார் டொக்டர்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அந்தக் கேள்வியை அவர் முகத்துக்கு நேரே யாரும் கேட்டு நான் கண்டதில்லை. நான் தரையைப் பார்த்தேன். டொக்டர் ஜெசிந்தாவைப் பார்த்தார்.

"ஹோர்மோன் இருக்கோ இல்லையோ எனக்குத் தெரியாது பிள்ளை. இருந்தாலும் கொஞ்சமாத்தான் இருக்கும் எண்டு நினைக்கிறன், உறுதியாச் சொல்லேலாது. பழுதில்லை, அது தெரியும். உவள் இப்பிடியே பருப்பிலை கிடந்தால் என்ன நடக்கும் எண்டதும் தெரியும்."

பிறகு ஒரு ரின்னைத் திறக்கச் சொன்னார். கரண்டி கேட்டார். நெற்றியில் மூன்று குறியோடு, அந்த முகாம் முற்றத்தில், அத்தனை சனத்தின் முன்னால், ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்து, மெதுவாக மென்று, விழுங்கினார். மருந்து விழுங்கும் பிள்ளையைப் போலக் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார்.

"நான் திண்டதாலை உது நல்லது எண்டு ஆகாது," என்றார். "உங்களுக்கு வாறது எனக்கும் வரட்டும். அவ்வளவுதான்."

திரேசம்மா அவரைப் பார்த்தார். பிறகு ரின்னை வாங்கி மகளின் கையில் கொடுத்தார். ஜெசிந்தா நின்ற நிலையிலேயே தின்றாள். அதன் பிறகு பெட்டிகள் போன வேகத்தை நான் சொல்லத் தேவையில்லை. சேவல்களைக் கடகத்தில் கண்ட பெண்கள் சிரித்த சிரிப்பையும் சொல்லப் போவதில்லை. மாசி மாதம் ஜெசிந்தாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது, நல்ல நிறை. டொக்டர் முகாமுக்குப் போகும்போதெல்லாம் திரேசம்மா அவருடைய மீசையைக் கூர்ந்து பார்த்து, "இன்னும் இருக்கு" என்று பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொல்வார். அவர் அதைக் கேட்காதது போலக் குடையைச் சரிசெய்வார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். டொக்டர் விழுங்கி முடித்ததும் கரண்டியைத் துடைத்து, இன்னொரு துண்டை எடுத்து என் பக்கம் நீட்டினார். திரேசம்மாவும் திரும்பிப் பார்த்தார். முற்றம் முழுவதும் பார்த்தது.

"ஐயா, இண்டைக்கு வெள்ளிக்கிழமை" என்றேன்.

"உமக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்.

கரண்டியை வாங்கி வாயில் வைத்தேன். கொஞ்சம் உப்புக் கூடுதல்.